பதினான்கு டன் குருணை

அந்த ஐந்து வாரங்களாக அலுவலகத்தில் யாரும் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. வாடிக்கையாளர்களுக்கு அவள் 'ரேஷனம்மா'. முதலில் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். இரண்டாவது வாரத்தில் தொலைபேசியிலேயே, "ரேஷனம்மா இருக்காங்களா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டில் கணவன்கூட ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை நீட்டி, "எனக்கு இன்னிக்கு எத்தனை சதவீதம்?" என்று கேட்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் வேலை பார்த்தது பிளாஸ்டிக் குருணை விற்கும் நிறுவனத்தில். பை, கவர், புட்டி, மூடி என்று எதைச் செய்கிறவருக்கும் மூலப்பொருள் அதுதான். பட்டாணியில் பாதி அளவில் வெள்ளை வெளேரென்ற மணிகள், இருபத்தைந்து கிலோ மூட்டைகளில் வரும். இயந்திரத்தில் கொட்டி உருக்கினால் என்ன வேண்டுமோ அதுவாக மாறும். நல்ல காலத்தில் அந்த மூட்டைகளை விற்க அவள் தொழிற்சாலை தொழிற்சாலையாக ஏறி இறங்கியிருக்கிறாள். "மாசக் கடைசி, ஒரு வண்டி எடுத்துக்குங்க" என்று கெஞ்சியிருக்கிறாள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, குருணை தயாரிக்கும் ஆலையிலிருந்து அரைப்பக்கக் கடிதம் ஒன்று வந்தது. ஆலையில் தீ விபத்து. கையை மீறிய காரணத்தால் ஒப்பந்தப்படி அனுப்ப இயலாது. எப்போது சரியாகும் என்று சொல்வதற்கில்லை. அதுவரை வழக்கமாக வருவதில் நூற்றுக்கு நாற்பதுதான் வரும். அன்று மதியத்துக்குள் விலை ஏறியது. மறுநாள் காலை இன்னும் ஏறியது. அதன் பிறகு காலையில் சொன்ன விலை பகல் பன்னிரண்டு மணிவரைதான் செல்லும் என்று ஆகிவிட்டது.

இருப்பதைப் பங்கு போடும் வேலை அவள் தலையில் விழுந்தது. கணக்கு எளிது: கடந்த மூன்று மாதம் யார் எவ்வளவு எடுத்தார்களோ, அதில் நூற்றுக்கு நாற்பது. இது போக, உணவுக்கும் மருத்துவத்துக்கும் பை செய்கிறவர்களுக்காக மாதத்துக்கு முப்பது டன் 'அவசரப் பங்கு' என்று தனியாக இருந்தது. ஆர்டர் கடிதத்தைக் காட்ட வேண்டும். அவள் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

அந்த முப்பதில் இருபத்துநான்கு டன்னை அவள் கொடுத்தது தன் நாத்தனாருக்கு.

நாத்தனார் அவள் கணவனுக்கு ஆறு வயது மூத்தவர். கணவரை இழந்த பிறகு அவர் விட்டுப்போன பை தொழிற்சாலையைத் தனியாகவே நடத்துகிறவர். மூன்று இயந்திரம், பதினோரு ஆட்கள். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிடத் தாராளம்; யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் முதலில் வந்து நிற்பது அவர்தான். ஆஸ்பத்திரிக் கழிவுப் பைகளுக்கு ஆர்டர் வந்திருக்கிறது என்று ஒரு கடிதம் காட்டினார். ரேஷனம்மா அதைச் சரியாகப் படிக்கக்கூட இல்லை. வீட்டு மனுஷி, சந்தேகப்படுவதா? முதல் வண்டியில் பத்து டன்னும், போன வியாழக்கிழமை இரண்டாவது வண்டியில் பதினான்கு டன்னும் போயின.

மிச்சமிருந்த ஆறு டன், பால் பண்ணைக்குக் கவர் செய்து கொடுக்கிற பால் கவர்காரருக்கு.

அந்தப் பால் கவர்காரர்தான் ஆறாவது வாரத்தின் முதல் நாள், காலை பத்தரை மணிக்கு, ஒரு காலி மூட்டையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார். அறுபது வயது மனிதர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். இவ்வளவு நெருக்கடியிலும் அவளை 'ரேஷனம்மா' என்று கூப்பிடாத ஒரே வாடிக்கையாளர். மூட்டையை அவள் மேஜைமேல் விரித்தார். தையலில் ஒட்டியிருந்த நாலைந்து மணிகள் உருண்டு கீழே விழுந்தன.

"இது உங்க கம்பெனி மூட்டைதானம்மா?"

"ஆமாங்க."

"நீங்க இல்லன்னு சொன்னீங்க. நான் நம்பினேன், இப்பவும் நம்பறேன். ஆனா வெளியில இருக்கு. ரெண்டு மடங்கு வெல. பன்னெண்டு மூட்டை வாங்கினேன். அதுக்கு மேல முடியல."

"யார்கிட்ட வாங்கினீங்க?"

"ஒரு புரோக்கர். அவன் எங்க வாங்கினான்னு சொல்ல மாட்டேங்கறான்." அவர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளன்னிக்குக் காலைல என்கிட்ட கவர் இருக்காது. எட்டு ஊருப் பால் வந்து நிக்கும். மாட்டுக்கிட்டப் போயி, ஆலையில தீப்புடிச்சிருக்கு, ரெண்டு மாசம் பால் குடுக்காதேன்னு சொல்ல முடியுமா?"

அவள் மூட்டையின் அடி ஓரத்தில் கறுப்பு மையில் அச்சடித்திருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவை தயாரிக்கும் சரக்குக்கும் ஆலை ஓர் எண் கொடுக்கும். எந்த எண் எந்த வாடிக்கையாளருக்குப் போனது என்று அவளுடைய கணினியில் இருக்கும். எண்ணை அடித்துத் தேடினாள். ஒரே ஒரு வரி வந்தது. பத்து டன்னும் ஒரே வண்டியில், ஒரே இடத்துக்கு.

 அவள் திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஒரு வண்டியத் தயாரா வச்சிருங்க" என்றாள். "நான் கூப்பிடறேன்."

"எங்கேருந்தும்மா?"

"இப்ப கேக்காதீங்க."

பஸ்ஸில் முக்கால் மணி நேரப் பயணம். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கணவனைக் கூப்பிட்டாள்.

"உங்க அக்கா அந்தக் குருணையை என்ன பண்றாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

 லைன் போய்விட்டதோ என்று ஒரு முறை திரையைப் பார்த்தாள். போகவில்லை.

"தெரியுமா, தெரியாதா?"

"அக்கா சொல்ல வேண்டாம்னாங்க" என்றான் அவன்.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"இதப் பாரு, நீ இப்ப அங்க போகாத. சாயங்காலம் நான் பேசறேன் அக்காகிட்ட..."

அவள் போனை வைத்துவிட்டாள். இத்தனை நாளாக ஒரே தட்டில் கை நனைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லவில்லையே. நாத்தனார்மேல் இருந்த கோபத்தைவிட அந்தக் கோபம் பெரிதாக இருந்தது.

தொழிற்சாலை வாசலுக்குப் போவதற்கு முன்பே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சத்தம் இல்லை. மூன்று இயந்திரமும் ஓடினால் தெருமுனை வரை இரைச்சல் கேட்கும். உருகிய பிளாஸ்டிக் படலம் பெரிய பலூன் போல ஊதிக்கொண்டு கூரைவரை எழும்பும். இன்று ஒன்றுதான் ஓடியது, அதுவும் அரை மனதாக. மற்ற இரண்டும் தூசித் துணி போர்த்திக் கிடந்தன. நான்கு பெண்கள் காலிச் சுருள்கள்மேல் உட்கார்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கக் கிடங்கின் ஷட்டர் பாதி ஏறியிருந்தது. அதற்குள் கூரை தொடும் உயரத்துக்கு வெள்ளை மூட்டைகள்.

நாத்தனார் கிடங்கு வாசலில் கையில் சாவிக்கொத்தோடு நின்றிருந்தார்.

"வாம்மா. சொல்லாம கொள்ளாம வந்திருக்க. சாப்ட்டியா?"

"மூட்டை எண்ணிட்டு வரச் சொன்னாங்க அண்ணி."

"யாரு?"

"நானேதான்."

நாத்தனார் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. அவளுடைய முகத்தை ஒரு தரம் பார்த்தார், புரிந்துகொண்டார்.

"தம்பி சொன்னானா?"

"அவரு வாயத் தொறக்கல. மூட்டைதான் சொல்லிச்சு. ஒவ்வொண்ணுலயும் நம்பர் இருக்கு அண்ணி. பால் கவர்காரர் வாங்கின மூட்டை உங்க மூட்டை."

 நாத்தனார் குரலைத் தாழ்த்தாமலே சொன்னார். "ஆமா, வித்தேன். ஏன் வித்தேன்னு கேளு. இந்த விலைக்குக் குருணை வாங்கிப் பை போட்டா, எவன் வாங்கறான்? அத்தனை பேரும் பழைய விலையே கேக்கறான். மெஷினை ஓட்டினா நட்டம், மூட்டைய வித்தா லாபம். பதினோரு பேருக்கு சம்பளம் அதுலதான் போகுது. ஒருத்தரையும் நான் வீட்டுக்கு அனுப்பல, தெரியுமா ஒனக்கு?"

"ஆஸ்பத்திரி ஆர்டர்?"

"வந்தது. ரத்தாயிடுச்சு."

"எங்கிட்ட சொல்லலாம்ல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப? திருப்பி எடுத்துட்டுப் போயிருப்ப." நாத்தனாரின் குரல் ஏறியது. "நீ என்னை நியாயம் கேக்க வந்துட்ட. போன வருஷம் மாசக் கடைசில இதே எடத்துல நின்னு, 'விலை ஏறப் போகுது அண்ணி, ரெண்டு வண்டி எடுத்துப் போடுங்க'ன்னு சொன்னது யாரு? எடுத்துப் போட்டேன். இருபது நாள்ல மூணுல ஒரு பங்கு எறங்கிச்சு. அந்தப் பள்ளத்துலேருந்து நான் இன்னும் ஏறல. ஏதோ ஒனக்கும் தெரியாமப் போச்சு, பாவம்னு ஒரு வார்த்தை கேட்டேனா ஒன்ன?"

கேட்கவில்லை. அதுதான் உண்மை. அந்த ஒரு வருஷமாக அவளை உறுத்திக்கொண்டிருந்ததும் அதுதான். அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். இன்று நியாயம் முழுக்க அவள் பக்கம் இருந்தது. கையில் அத்தாட்சி இருந்தது. ஆனாலும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எனக்குத் தெரியும் அண்ணி."

"என்ன தெரியும்?"

"விலை எறங்கப் போகுதுன்னு. அன்னிக்குக் காலைலயே ஆலையிலேருந்து தகவல் வந்திருச்சு. அது வெளிய போறதுக்குள்ள கையில இருக்கறத வித்துத் தள்ளச் சொன்னாரு மேனேஜர். நான் வித்தாகணும்னு இருந்த கணக்குல ரெண்டு வண்டி குறைஞ்சிச்சு. உங்ககிட்ட வந்தேன்."

நாத்தனார் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தார். ஒவ்வொரு சாவியாக விரலால் தள்ளினார். முகத்தில் ஈயாடவில்லை.

"வெளிய போ" என்றார். சத்தமே இல்லாமல் சொன்னார்.

"போறேன். இந்தப் பதினாலு டன்ன..."

"வெளிய போன்னு சொன்னேன்."

அப்போதுதான் வாசலில் லாரியின் ஹாரன் கேட்டது. புரோக்கரின் வண்டி. நாலு சுமை ஆட்கள் குதித்து இறங்கி, நாத்தனாருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு நேராகக் கிடங்குக்குள் போனார்கள். பல தடவை வந்து பழகிய நடை. முதல் மூட்டை தோளில் ஏறியது.

ரேஷனம்மா முற்றத்துக்கு வந்து இரண்டு போன் செய்தாள். முதல் போன் பால் கவர்காரருக்கு. விலாசம் சொல்லி, வண்டியோடு உடனே வரச் சொன்னாள். இரண்டாவது போன் மேனேஜருக்கு. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். கையெழுத்து தன்னுடையது, தப்பும் தன்னுடையது என்றாள். சரக்கைத் திருப்பி எடுக்க நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்றாள்.

மேனேஜர் பெருமூச்சு விட்டார். "மேடம், வித்த சரக்கு வித்ததுதான். அவங்க காசு கட்டியாச்சு. நம்ம அவசரப் பங்கு கள்ள மார்க்கெட்டுக்குப் போச்சுன்னு வெளிய தெரிஞ்சா, ஆலை நம்மளையே நிறுத்திடும். உங்க வீட்டு விஷயம்தானே? வீட்டுக்குள்ளயே முடிச்சுக்குங்க. ஒண்ணும் எழுத்துல வேண்டாம்."

அவள் திரும்பிப் பார்த்தாள். லாரியில் முப்பது மூட்டைக்கு மேல் ஏறிவிட்டது. சட்டம் அவள் பக்கம் இல்லை, நிறுவனம் இல்லை, கணவன் இல்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு விறுவிறுவென்று கிடங்குக்குள் போய், அடுத்து எடுக்க வேண்டிய அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

சுமை ஆட்களுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவர்கள் தோளில் துண்டோடு, கல்யாண வீட்டில் பந்தி போடாமல் காக்க வைக்கப்பட்டவர்கள் போல நின்றார்கள்.

"எறங்கும்மா" என்றான் ஒருவன்.

"நான் மாட்டேன்."

"அம்மா, இவங்கள எறங்கச் சொல்லுங்க" என்று அவன் நாத்தனாரிடம் முறையிட்டான். புரோக்கரின் ஆள் ஓடி வந்து, முன்பணம் கொடுத்தாயிற்று, மூன்று மணிக்கு வேறு இடத்தில் இறக்க வேண்டும், இது என்ன கூத்து என்று கத்தினான். சுருள்மேல் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ரேஷனம்மா இறங்கவில்லை. மூட்டை வழவழப்பாக இருந்ததால் சறுக்கிவிடாமல் இருக்க இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவு வீம்பா?" என்றார் நாத்தனார்.

"இந்த வண்டி போச்சுன்னா, நான் இன்னிக்கே எல்லாத்தயும் எழுதிக் குடுப்பேன் அண்ணி. மேனேஜர் வாங்கலன்னா ஆலைக்கே அனுப்புவேன். உங்களுக்கு அதோட ஒரு மூட்டை கிடைக்காது. எனக்கு அதோட வேலை கிடைக்காது."

"எழுதேன். போன வருஷம் நீ செஞ்சதையும் சேர்த்து எழுது."

"அதையும் சேர்த்துத்தான்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினெட்டு வருஷமாக ஒரே குடும்பத்தில் இருந்தும் இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. புரோக்கரின் ஆள் நடுவில் புகுந்து என்னவோ சொன்னான். யார் காதிலும் ஏறவில்லை.

இழுபறி அரை மணி நேரம் நீண்டபின் வெளியே இன்னொரு ஹாரன். பால் கவர்காரரின் வண்டி குறுகலான கேட்டில் வந்து, லாரியின் மூக்கோடு மூக்கு வைத்து நின்றுவிட்டது. இனி இது நகராமல் அது போக முடியாது. இரண்டு டிரைவர்களும் மாறி மாறி ஹாரன் அடித்தார்கள். பால் கவர்காரர் இறங்கி, சண்டையின் நடுவே செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மூட்டைமேல் இருந்தவளைப் பார்த்தார், நாத்தனாரைப் பார்த்தார். யார் யார் என்று சொல்லாமலே அவருக்கு விளங்கிவிட்டது.

"உங்க சரக்காம்மா?" என்றார் நாத்தனாரிடம்.

"ஆமா."

"எனக்கு வேணும். விலைய நீங்க சொல்லுங்க. நான் பேரம் பேச மாட்டேன். பேரம் பேசற நிலைமையில இல்ல."

 நாத்தனார் எத்தனை சொன்னாலும் இந்த மனிதர் எங்காவது புரட்டிக்கொண்டு வந்து வைப்பார். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. புரோக்கரின் ஆள்கூட வாயை மூடிக்கொண்டான்.

"எவ்வளவு நாளைக்கு இருக்கு கையில?" என்று கேட்டார் நாத்தனார்.

"நாளைக்கு ராத்திரியோட சரி."

"பத்து டன் தரேன். நாலு டன் எனக்கு வேணும், என் மெஷினும் ஓடணும். நான் வாங்கின விலையக் குடுங்க, வண்டி வாடகையோட. அதுக்கு மேல வேணாம்."

பால் கவர்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். நாத்தனார் அதைக் கவனிக்காதது போலத் திரும்பி, ரேஷனம்மாவைப் பார்த்துச் சொன்னார். "ஒனக்காக இல்ல. ஒன்ன மாதிரி நானும் ஆயிட்டேன்னு நாளைக்கு நீ சொல்லிக்காட்டக் கூடாது பாரு, அதுக்கு. எறங்கு இப்ப."

அவள் இறங்கினாள். கால் மரத்துப்போயிருந்தது, யாரும் கை கொடுக்கவில்லை.

முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்ட புரோக்கரின் ஆள், இனி இந்தப் பக்கமே வர மாட்டேன் என்று சபித்துவிட்டுப் போனான். ஏற்றிய மூட்டைகளை இறக்கி மறு வண்டியில் ஏற்ற அதே சுமை ஆட்கள் இரட்டைக் கூலி கேட்டார்கள். அதை வாங்கிக்கொண்டு, நாலரை மணிக்குள் வேலையை முடித்துக் கொடுத்தார்கள்.

எட்டு ஊருப் பாலும் தடையில்லாமல் போயிற்று. காலையில் பாக்கெட்டை வாங்கிக் காய்ச்சியவர்களில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது.

புரோக்கர் வண்டி போகவில்லை என்றாலும், அன்று சாயங்காலமே ரேஷனம்மா உட்கார்ந்து எழுதினாள். அவசரப் பங்கில் தான் சரிபார்க்காமல் போட்ட கையெழுத்து, இரண்டாவது பக்கத்தில் போன வருஷத்து இரண்டு வண்டி, எல்லாம். மேனேஜர் வாங்கிப் படித்தார். முகம் கறுத்தது. "இரண்டாவது பக்கம் எதுக்கு மேடம்?" என்று கேட்டார். அவள் அதைக் கிழிக்க மறுத்தாள். ஒரு பிரதி ஆலைக்குப் போனது. பத்து நாளில் மேனேஜருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அவளை வேலையை விட்டு நீக்கவில்லை. பங்கு போடும் நாற்காலியிலிருந்து எடுத்து, மாதிரி மூட்டைகளைச் சோதிக்கும் அறையில் போட்டார்கள். சம்பளத்தில் ஒரு படி குறைந்தது. நாத்தனாருக்கு அவசரப் பங்கு ஒரு வருஷத்துக்கு இல்லை; வழக்கமான பங்கு மட்டும் தொடரும் என்று எழுதி வந்தது.

வீட்டில் நாலு நாள் பேச்சு இல்லை. ஐந்தாம் நாள் கணவன், "ரெண்டு பேரும் என்னை ரெண்டாக் கிழிச்சு ஆளுக்குப் பாதியா எடுத்துக்குங்க" என்றான். "நீங்க எனக்கு முழுசா இருந்திருந்தா இது வந்தே இருக்காது" என்றாள் அவள். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தார்கள்.

ஒன்பதாவது வாரம் வெளிநாட்டிலிருந்து கப்பல்கள் வந்தன. ஏறிய வேகத்திலேயே விலை இறங்கியது. பதுக்கி வைத்திருந்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அந்தப் புரோக்கர் தொலைபேசி எண்ணையே மாற்றிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டுக்கு வந்தார். தம்பியோடு மட்டும் பேசினார். அவள் கொண்டுவந்து வைத்த தேநீரை ஆறவிட்டுக் குடித்தார். கிளம்பும்போது அவளைப் பார்க்காமலே, "பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வரியா?" என்றார்.

இருவரும் நடந்தார்கள். 

"ரெண்டு மெஷின் ஓடுது" என்றார் நாத்தனார்.

"நல்லது அண்ணி."

"பால் கவர்காரர் மாசம் மூணு டன் ஊதித் தரச் சொல்லிக் குடுத்திருக்காரு. கூலி வேலை. பரவால்ல."

இன்னும் கொஞ்ச தூரம் போனார்கள். பஸ் நிறுத்தத்தில் வெயில் நேராக அடித்தது. நாத்தனார் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார்.

"நான் எல்லாத்தயும் மறந்துட்டேன்னு நெனச்சுக்காத."

"நெனைக்கல அண்ணி."

"போன வருஷத்து விஷயத்த நீயே சொன்ன பாரு, அது வேற. நீ சொல்லாம இருந்திருந்தா நான் கடைசி வரைக்கும் ஒன்ன நம்பிட்டே இருந்திருப்பேன்." அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எது நல்லதுன்னு இன்னும் எனக்குத் தெரியல."

அவளுக்கும் தெரியவில்லை. அதையே சொன்னாள். நாத்தனார் தலையை மட்டும் அசைத்தார். பஸ் வர இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. இரண்டு பேரும் அங்கிருந்த பெயர்ப்பலகையின் ஒரே நிழல்துண்டில் நெருக்கி நின்றுகொண்டார்கள்.